இணைய விளையாட்டும் இறையன்பர் கூட்டமும்

விளையாட்டு என்றதும் பெரியோர் முகஞ்சுளிப்பதும் பிள்ளைகள் முகமலர்வதும் எக்காலத்துக்கும் உரிய இயல்பு. முன்பு பந்தும் மட்டையும் இந்த வழக்கின் பொருளாயிருந்தன. இன்று கைத்தொலைபேசி அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. பண்டாரவளையிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும், மாலைப் பனி இறங்கும் வேளையில் வீட்டு வாசற்படியில் அமர்ந்து சிறு திரையொன்றில் கண்பதித்திருக்கும் இளைஞரைக் காணாதார் யார்? அவர்கள் தனியே இருக்கிறார்கள் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் காதிற் செருகிய கருவி வழியே, நேரில் ஒருநாளும் கண்டறியாத பலரோடு அவர்கள் பேசியும் சிரித்தும் வென்றும் தோற்றும் கொண்டிருக்கிறார்கள். திரைக்குள் ஒரு மைதானம் இருக்கிறது. அந்த மைதானத்தில் சங்கங்களும் இருக்கின்றன.

அச்சங்கங்களுள் ஒருவகை, சமயப் பற்றினால் ஒன்றுகூடியவை. கிறிஸ்தவ இளைஞர் பலர் தங்களுக்கெனக் குழுக்கள் அமைத்து, இணையத்தில் ஒன்றாக விளையாடி, ஆட்டம் முடிந்ததும் வேதம் வாசித்து, ஒருவருக்காக ஒருவர் செபம் செய்து வருகின்றனர். இத்தகைய குழுக்களை இளைஞர் எவ்வாறு கண்டுபிடிக்கின்றனர்? எதனால் அவற்றிற் சேருகின்றனர்? சேர்ந்தபின் ஏன் நிலைத்து நிற்கின்றனர்? சைவக் குடும்பத்திற் பிறந்து ஆசிரியத் தொழில் புரியும் யான் இக்கேள்விகளை எழுப்புவது குற்றங் காண்பதற்கன்று. பிள்ளைகளை ஈர்க்கும் காந்தம் எதுவென்று அறிந்துகொள்வது, எந்தச் சமயத்தைச் சேர்ந்த பெற்றோருக்கும் கடமையாகும் என்பதாலேயே எழுப்புகிறேன்.

சீழ்க்கை அடிக்கத் தெரியுமா?

விளையாட்டின் வழியே இளைஞரைச் சமயத்துக்கு அண்மையில் அழைத்தல் இணையம் தோன்றிய பின் வந்த புதுமையன்று. இத்தாலி நாட்டின் தூரின் நகரில் 1841 ஆம் ஆண்டு டிசம்பர் 8 ஆம் நாள் நிகழ்ந்ததாக, சலேசிய சபையார் வழிவழியாகச் சொல்லிவரும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. குளிருக்கு ஒதுங்கிக் கோயிலுக்குள் நுழைந்த ஏழைப் பையன் ஒருவனை, பூசைக்கு உதவத் தெரியாதவன் என்று கோயிற் பணியாள் அடித்துத் துரத்தினான். அங்கிருந்த இளங்குரு டொன் பொஸ்கோ அவனைத் திரும்ப அழைத்தார். தாயுண்டா, தந்தையுண்டா, எழுதப் படிக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று அவர் வினவ, ஒவ்வொன்றுக்கும் இல்லை, தெரியாது என்பதே அவன் விடையாயிற்று. கடைசியாக, “சீழ்க்கை அடிக்கத் தெரியுமா?” என்று கேட்டார். பையன் முகத்தில் முறுவல் அரும்பியது. அடுத்த ஞாயிறு அவன் தன் தோழரையும் அழைத்துக்கொண்டு வந்தான்.

கொத்து வேலை செய்து பிழைத்த அந்த அநாதைப் பையனிடமிருந்து தொடங்கிய ஞாயிறுக் கூட்டத்தில், வேதபாடமும் இருந்தது. ஓடியாடும் விளையாட்டும் இருந்தது. பின்னர் உலகெங்கும் பரவிய பள்ளிகளுக்கும் தொழிற்கூடங்களுக்கும் வித்து அதுவே. இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்கவேண்டிய உண்மை ஒன்று இருக்கிறது. பையனை நிறுத்தியது போதனையன்று. தனக்குத் தெரிந்த ஒன்றைப் பெரியவர் ஒருவர் பொருட்படுத்திக் கேட்டாரே, அந்தக் கேள்விதான் அவனை நிறுத்தியது.

பந்து வந்த வழி

அதே காலத்தில் இலண்டன் மாநகரிலும் ஒரு முயற்சி அரும்பியது. துணிக்கடையிற் பணிபுரிந்த ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்ற இளைஞர், நண்பர் சிலருடன் சேர்ந்து 1844 ஆம் ஆண்டு ஜூன் 6 ஆம் நாள் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தை நிறுவினார். கிராமத்தை விட்டு நகருக்கு வந்து, கடைகளிலேயே உண்டு உறங்கி, மாலையிற் போக்கிடம் அறியாது திகைத்த தொழிலாளருக்கு அது புகலிடமாயிற்று. தொடக்கத்தில் செபமும் வேதவாசிப்புமே நிகழ்ந்தன. விளையாட்டு பின்னர் வந்தது. வந்தபின் உலகையே வென்றது.

1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரிலிருந்த அச்சங்கத்தின் பயிற்சிக் கல்லூரியில், பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாமல் சலிப்புற்றிருந்த மாணவருக்காக, ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக்கூடைகள் இரண்டைச் சுவரின் உயரத்தில் மாட்டி, 13 விதிகளை வகுத்தார். கூடைப்பந்தாட்டம் பிறந்தது. நான்காண்டுகளுக்குப் பின், 1895 இல், ஹோலியோக் நகரின் வாலிபர் சங்கத்தில் வில்லியம் மோர்கன் என்பவர், வயது முதிர்ந்தோரும் உடல் நோகாது ஆடத்தக்க ஆட்டமொன்றை அமைத்தார். அதுவே நம் கரப்பந்தாட்டம்.

இந்தக் கரப்பந்தாட்டத்தை இலங்கைக்குக் கொண்டுவந்தவரும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தவரே. கொழும்புச் சங்கத்தில் உடற்பயிற்சிப் பொறுப்பாளராய் அமர்ந்த வோல்டர் கமக் என்பவர் 1916 இல் அதனை இங்கு அறிமுகஞ் செய்தார். 1991 இல் அது நம் நாட்டின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது. இன்று தோட்டத்து மைதானத்தில் இரு கம்பங்களுக்கிடையே வலைகட்டிப் பந்தடிக்கும் பிள்ளைகளுள், இது எங்கிருந்து வந்ததென்று அறிந்தோர் சிலரே. சைவரும் பௌத்தரும் முஸ்லிம்களும் கிறிஸ்தவரும் அதனை ஆடுகின்றனர். ஆடியதனால் எவரும் தம் சமயத்தை இழக்கவில்லை. அதுமட்டுமன்று. அச்சங்கத்தின் அமைப்பைக் கண்டே 1898 இல் கொழும்பில் பௌத்த வாலிபர் சங்கம் எழுந்தது. இந்து வாலிபர் சங்கங்களும் பல நகரங்களில் எழுந்தன. அயலார் வீட்டு நல்வழக்கைக் கண்டு தம் வீட்டிலும் அதனை அமைத்துக்கொள்ளும் அறிவு நம் முன்னோரிடம் இருந்தது.

அச்சத்தினின்று பிறந்த சங்கம்

ஆயினும் எல்லா விளையாட்டையும் திருச்சபையார் இருகரம் நீட்டி வரவேற்றார் அல்லர். 1974 இல் அமெரிக்காவில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டம் வெளிவந்தது. மேசையைச் சுற்றி அமர்ந்து, வீரராகவும் மந்திரவாதியாகவும் தம்மைப் பாவித்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் அது. மந்திரமும் பூதமும் அதிற் கலந்திருந்தமையால், 1980 களில் கிறிஸ்தவப் பெற்றோரும் போதகரும் அதனைப் பேய்வழிபாட்டின் வாயில் என்று கண்டித்தனர்.

அவ்வாட்டத்தை நேசித்த கிறிஸ்தவ இளைஞரின் நிலை இரங்கத்தக்கது. ஆட்டத் தோழரிடம் தம் பக்தியைச் சொன்னால் நகைப்பு. ஆலயத்திலே தம் ஆட்டத்தைச் சொன்னால் கண்டனம். இரண்டையும் ஒருங்கே சொல்லத்தக்க இடம் ஒன்றை அவர்கள் தேடினர். 1996 இல், இணையம் இல்லங்களுக்குட் புகத் தொடங்கிய காலத்தில், அத்தகையோர் ஒன்றுசேர்ந்து ‘கிறிஸ்டியன் கேமர்ஸ் கில்ட்’ என்ற சங்கத்தை அமைத்தனர். இவ்வகைச் சங்கங்கள் பலவற்றுக்கும் வேர் இதுவே: தன்னுடைய இரு பாதிகளையும் மறைக்காமல் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்ற வேட்கை. இதனை உணராதவர், பிள்ளைகள் ஏன் அங்கே போகிறார்கள் என்பதை ஒருநாளும் உணரார்.

கதவு திறந்தால் காவல் வேண்டும்

2004 ஆம் ஆண்டு மே மாதத்தில், பிரித்தானிய மெதடிஸ்த திருச்சபையின் ஆதரவோடு, ‘சர்ச் ஒவ் பூல்ஸ்’ என்ற ஆலயம் இணையத்திலே எழுப்பப்பட்டது. கணினித் திரையில் தோன்றும் அவ்வாலயத்துக்குள், கேலிச்சித்திரம் போன்ற சிற்றுருவம் ஒன்றைப் பூண்டு எவரும் நுழையலாம், ஆசனத்தில் அமரலாம், முழந்தாளிடலாம், அயலிருப்பவரோடு பேசலாம். இலண்டன் பேராயர் ரிச்சர்ட் சார்ட்றெஸ் முதற் பிரசங்கம் நிகழ்த்தினார். பல்லாயிரவர் வந்தனர். வந்தவருள் குறும்பரும் இருந்தனர். அவர்கள் பிரசங்க மேடையேறி வசைமொழி கூறினர். வழிபட வந்தோரை இடித்துரைத்தனர். ஈற்றில், தீயோரை வெளியேற்றும் அதிகாரம் பெற்ற காவலரை அவ்வாலயத்தில் நிறுத்த நேர்ந்தது. எல்லார்க்கும் திறந்த கதவுக்கு விழிப்பான வாயிற்காவலரும் வேண்டும் என்ற பாடத்தை, இணையத்துச் சமயக் கூட்டங்கள் அன்றே கற்றன.

2011 இல் இன்னுமொரு வியப்பு. ‘ரோப்லொக்ஸ்’ என்பது 2006 இல் தொடங்கிய, சிறுவர் தாமே உலகங்களைக் கட்டி விளையாடும் இணையக் களம். அதிலே அமெரிக்கச் சிறுவன் ஒருவன், தன் 11 ஆவது வயதில், ‘ரோப்லொக்ஸியன் கிறிஸ்டியன்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கி ஆலயமும் கட்டினான். பல நாட்டுப் பிள்ளைகள் அதிற் சேர்ந்தனர். பிள்ளைகளுக்குப் பிள்ளைகளே நடத்திய திருச்சபை அது. 2016 இல் மேட் சூசா என்ற போதகர், ‘டுவிச்’ என்னும் விளையாட்டு ஒளிபரப்புத் தளத்தில், விளையாடுவோருக்கென்றே ‘கோட்ஸ்குவாட் சர்ச்’ என்ற திருச்சபையை அமைத்தார்.

சேரும் வழி எது?

இனி, இத்தகைய குழுக்களில் ஓர் இளைஞன் சேரும் வழியைப் படிப்படியாகக் காண்போம்.

முதல் வழி தோழமை. ‘ப்ரீ பயர்’, ‘பப்ஜி’ போன்ற கைத்தொலைபேசி விளையாட்டுகளில் நால்வர் ஓரணியாய் ஆடுவர். அறியாத மூவரோடு ஆடும்போது, ஒருவன் தவறு செய்தால் வசைமாரி பொழிவதே பெரும்பாலும் வழக்கம். அங்கே ஒருவன் மட்டும் வசைபாடாது, “பரவாயில்லை, அடுத்த ஆட்டத்தில் பார்த்துக்கொள்வோம்” என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மீண்டும் அவனோடு ஆட மனம் நாடும். சில நாட்களில் அவன் தன் குழுவுக்கு அழைப்பான். இரண்டாவது வழி பெயர். அணிகளும் சங்கங்களும் தம் பெயரிலேயே வேதச் சொல்லொன்றைப் பொறித்திருப்பதுண்டு. அடையாளங் கண்டு அணுகுவோர் உளர். மூன்றாவது, தேடல்: தான் ஆடும் விளையாட்டின் பெயரையும் ‘கிறிஸ்தவர்’ என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுதல். நான்காவது, விளையாடியபடியே பேசும் ஒளிபரப்பாளரைப் பார்த்திருந்து, பின் அவருடைய கூட்டத்திற் கலத்தல். ஐந்தாவது, தம் ஊர்த் திருச்சபையின் வாலிபர் கூட்டத் தலைவர் காட்டும் வழி.

எவ்வழியில் வந்தாலும், பெரும்பாலோர் வந்து சேரும் கூடம் ‘டிஸ்கோர்ட்’ என்ற தளமாகும். விளையாடுவோர் தமக்குட் பேசிக்கொள்வதற்காக 2015 இல் தொடங்கப்பட்டது. அதனைப் பல அறைகள் கொண்ட ஒரு மாளிகையாக எண்ணிக்கொள்ளலாம். அழைப்பு இணைப்பைத் தொட்டால் வாயில் திறக்கும். நன்கு நடைபெறும் குழுவாயின், முதலறையில் விதிகள் எழுதப்பட்டிருக்கும்: தீச்சொல் ஆகாது, பிறர் சமயத்தை இழித்தல் ஆகாது, தன் முகவரியை வெளியிடல் ஆகாது என்பன போன்றவை. அவற்றுக்கு உடன்பட்டபின் அடுத்த அறையில் தன்னை அறிமுகஞ் செய்துகொள்ள வேண்டும். அப்பால் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒவ்வோர் அறை. குரலாற் பேசுவதற்குத் தனி அறைகள். செப விண்ணப்பம் எழுதுவதற்கு ஓர் அறை. ஒழுங்கு காக்கும் நடுவர்களின் பெயர் தனி நிறத்தில் தோன்றும். 13 வயது நிரம்பாதவர் அத்தளத்திற் சேருதல் அதன் விதிக்கே மாறானது என்பதைப் பெற்றோர் நினைவிற்கொள்க.

செப விண்ணப்ப அறையே இக்குழுக்களின் உயிர்நிலை. நாளைப் பரீட்சை என்று ஒருவன் எழுதுவான். தாயார் மருத்துவமனையில் என்று இன்னொருவன் எழுதுவான். கண்டறியாத பத்துப்பேர் அதற்கு விடை எழுதுவர். விளையாட வந்தவன் நிலைத்து நிற்பது அன்றுதான்.

மலைநாட்டுக்குரிய தடைகள்

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இவ்வழி அத்துணை எளிதன்று. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோதுதான், கைத்தொலைபேசி பாடநூலின் இடத்தைப் பெற்றுப் பல லயன் வீடுகளுக்குட் புகுந்தது. அலைவரிசை தேடி மாணவர் மரத்திலும் பாறையிலும் ஏறிய காட்சியை ஊவா கண்டது. பாடம் முடிந்தது, தொலைபேசி வீட்டில் நிலைத்தது.

இணைப்புக் கிடைத்தாலும் தூரம் தடுக்கும். அமெரிக்காவிலுள்ள கணினி வழியே இங்கிருந்து ஒருவன் ஆடினால், அவன் விரல் அசைவு அங்கு சென்று மீள ஏறத்தாழக் கால் நொடி செல்லும். விரைவு ஆட்டத்தில் கால் நொடி என்பது தோல்வி. எனவே விரைவு வேண்டாத, கட்டியெழுப்பும் விளையாட்டுகளிலேயே கடல்கடந்த தோழமை எளிதாகும். நேரமும் ஒவ்வாது. நியூயோர்க் நகரில் ஞாயிறு இரவு 8 மணிக்குக் கூடும் கூட்டம், நமக்குத் திங்கட்கிழமை விடியற்காலை 5.30 மணி, அங்கே குளிர்காலமாயின் 6.30 மணி. பாடசாலைக்குப் புறப்படும் வேளையில் செபக் கூட்டமா, சீருடையா? தூக்கமிழந்த கண்களோடு வகுப்பில் அமரும் மாணவனை ஆசிரியர் அறிவர். இவற்றோடு ஆங்கிலத் தயக்கமும் சேரும். ஆயினும், அத்தயக்கத்தைத் தோழரோடு பேசிப்பேசியே வென்ற பிள்ளைகளும் உண்டு என்பதை மறைத்தல் முறையன்று.

பெற்றோர் அஞ்சுவது எதற்கு?

சைவப் பெற்றோர் பலர்க்கு உடனே எழும் அச்சம், பிள்ளை மதம் மாறிவிடுவானோ என்பது. அதனை நகைத்துத் தள்ளுதல் ஆகாது. நம் நாட்டின் 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை, தான் விரும்பும் சமயத்தைக் கொள்ளும் உரிமையை ஒவ்வொருவருக்கும் அளிக்கிறது. 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 14 ஆம் உறுப்புரை, பிள்ளையின் மனச்சாட்சி உரிமையையும், வளரும் அறிவுக்கேற்ப அவனை வழிநடத்தும் பெற்றோரின் உரிமையையும் ஒருங்கே மதிக்கிறது. ஆதலால், சிறுவனைப் பெற்றோர் அறியாமல் இழுப்பதும் தவறு. வளர்ந்த மகனின் உள்ளத்தைப் பூட்டிவைக்க முயல்வதும் தவறு. நேர்மையான கிறிஸ்தவக் குழு எதுவும், தான் இன்னதென்பதைப் பெயரிலேயே சொல்லிவிடும். பெற்றோர் வினவினால் மறையாது விடையளிக்கும்.

அதனினும் பெரிய அச்சம் வேறொன்று. சிறுவரும் பெரியோரும் முகமறியாது கலக்கும் இடத்தில், நல்லோர் வேடத்திற் கயவரும் நுழையக்கூடும். ரோப்லொக்ஸ் தளத்தில் தம் பிள்ளைகளைத் தீயோர் அணுகினர் என்று அமெரிக்கப் பெற்றோர் பலர் 2025 இல் நீதிமன்றம் சென்றனர். பக்திச் சொல் நம்பிக்கையை விரைவில் விளைவிக்கும். அந்நம்பிக்கையே கயவனுக்குக் கருவியாகலாம். இது எந்தச் சமயக் கூட்டத்துக்கும் பொருந்தும்.

ஆகவே பெற்றோர் பிள்ளையிடம் கேட்கவேண்டிய கேள்விகள் சிலவே. குழுவின் விதிகள் எங்கே எழுதப்பட்டுள்ளன? நடுவர் யார்? சிறுவர்க்கும் வளர்ந்தோர்க்கும் அறைகள் தனித்தனியா? பெரியவர் எவரேனும் தனியே பேச அழைத்தாரா, படம் கேட்டாரா, பணமோ பரிசோ தந்தாரா, வீட்டாரிடம் சொல்லாதே என்றாரா? விலக விரும்பினால் வருத்தாமல் விடுவார்களா? இவற்றுள் ஒன்றுக்கேனும் மாறான விடை வரின், உரையாடலை அழிக்காது பாதுகாத்து வைத்துக்கொண்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை அழைத்தல் வேண்டும். கேள்வி கேட்கும் குரல் விசாரணைக் குரலாய் இருப்பின் விடை வராது. அருகில் அமர்ந்து ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்தபின் கேட்டால் வரும்.

நாம் செய்யத்தக்கது

தாய் வெளிநாட்டில், தந்தை கொழும்பில், பாட்டியோடு வாழும் பிள்ளை. நம் தோட்டங்களில் இக்காட்சி அரிதன்று. அப்பிள்ளையிடம், “இன்று எப்படி இருந்தாய்?” என்று கேட்கும் முதற் குரல் கடலுக்கப்பாலிருந்து வருகிறதாயின், அக்குரலைப் பழிப்பதில் நீதியில்லை. அந்தக் கேள்வியை முதலிற் கேட்டிருக்க வேண்டியவர் நாம் அல்லவா?

கோயில் அறங்காவலர் சபைகளும், இந்து வாலிபர் சங்கங்களும், திருச்சபைகளும், தோட்டத்து விளையாட்டுக் கழகங்களும், நூலகங்களும் இதனைச் சிந்தித்தல் நன்று. திருவிழாவன்று தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்ய அழைக்கும்போது மட்டும் நினைவுக்கு வரும் இளைஞரை, ஏனைய நாட்களிலும் நினைத்தல் வேண்டும். வாரத்துக்கு ஒரு மாலை, வலைகட்டிப் பந்தடிக்கவோ, பெரியவர் ஒருவர் உடனிருக்கக் கணினியில் ஆடவோ இடமளித்தல் பெருஞ்செலவன்று. பின் அவர்களோடு சற்று அமர்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டல் வேண்டும். அக்கேள்வியே பாதித் தொண்டு.

அநாதைச் சிறுவனிடம் சீழ்க்கை அடிக்கத் தெரியுமா என்று கேட்டவரும், சலித்திருந்த மாணவருக்குக் கூடை மாட்டியவரும், தோற்ற தோழனைத் தேற்றும் இணையத்து இளைஞனும் அறிந்த உண்மை ஒன்றே. உறவு முதலில்; உபதேசம் பின்னர். தன்னோடு விளையாடுபவனையே பிள்ளை நம்புகிறான். அந்த நம்பிக்கைக்குரியவர் வீட்டிலும் ஊரிலும் இருந்தால், திரைக்குள் எத்தனை வாயில்கள் திறந்தாலும் அவன் எதனுள் நுழையலாம், எதனைக் கடந்துபோகலாம் என்பதை நம்மிடமே கேட்டுத் தெளிவான்.